டிராக்கில் ஓடும் காருக்கு எந்த பிரேக் பேட்?

கார் எவ்வளவு வேகமா போகும்னு எல்லோரும் கேட்கிறோம். எப்படி நிற்கும்னு கேட்பவர் குறைவு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஒரு நாளாவது கார் ஓட்டிப் பார்க்கணும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு முன் பிரேக் பேடைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு

1000 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைகிறது. இயக்க ஆற்றல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தா, சுமார் 850 கிலோ ஜூல் வருது. ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்! இதில் பெரும்பகுதி சில வினாடிகளில் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமா ஏறுது. ரோட்டில் என்றால் அடுத்த பிரேக்குக்குள் ஆறிவிடும். டிராக்கில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

பேடில் உள்ள நார், உலோகத்தூள், கிராஃபைட் எல்லாவற்றையும் பிணைத்து வைப்பது பெரும்பாலும் ஃபீனாலிக் ரெசின். சூடு எல்லை மீறினால் ரெசின் சிதைந்து வாயு கிளம்பும், பிடிப்பு குறையும். இதுதான் 'ஃபேட்'.

வகைகள்

ஆர்கானிக்: சத்தம் இல்லை, குளிரிலேயே பிடிக்கும், டிஸ்க்கைத் தேய்க்காது. டிராக்கில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

செமி மெட்டாலிக்: இரும்புத்தூள், எஃகு நார் கலந்தது. அதிக சூடு தாங்கும். சத்தமும் டிஸ்க் தேய்மானமும் கூடும்.

ரேஸ் பேட்: 500, 600 டிகிரி செல்சியஸிலும் பிடிக்கும். ஆனா பல ரேஸ் பேட்கள் சூடேறாமல் சரியா பிடிக்காது. அதே பேடோடு வீட்டுக்குத் திரும்பும்போது, தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால்? அந்த முதல் பிரேக் குளிர்ந்த பிரேக்தான். அதனால் ரேஸ் பேடை டிராக்கில் மாட்டி, அங்கேயே கழற்றிவிடணும்.

எழுத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

சில பேட்களின் ஓரத்தில் 'எஃப்எஃப்', 'ஜிஜி' என்று இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டிலும், இரண்டாவது அதிக சூட்டிலும் உள்ள உராய்வுக் கெழு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனா அந்தச் சோதனையே சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடுது. அதற்கு மேல் என்ன ஆகும்னு அந்த எழுத்து சொல்லாது. டிஸ்க் ஓரத்தில் வெப்பம் காட்டும் பெயிண்ட் பூசி, நம்ம கார் எவ்வளவு சூடாகுதுன்னு அளந்து, அதற்கேற்ற பேடை எடுப்பதே முறை.

பெடல் சொல்லும் சேதி

பெடல் கெட்டியா இருந்தும் கார் நிற்கலையா? பேட் ஃபேட். பெடல் மெத்தென்று உள்ளே போகுதா? பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். அப்போ பேடை மாற்றிப் பயனில்லை. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு வரம்பு 155 டிகிரிதான். டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில் ஊற்றுங்க.

இன்னொரு விஷயம்: பின் சக்கரத்துக்கு முன்னதைவிட அதிகப் பிடிப்புள்ள பேட் போடக்கூடாது. பிரேக் போட்டதும் எடை முன்னால் சாயும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும்.

ஆக, 'எது நல்ல பேட்?' என்று யாராவது கேட்டால், 'எத்தனை டிகிரிக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள்!