நான்கு வாயில்களும் நில அளவைக் கணக்கும்

மைசூர் நகரிலிருந்து சாமுண்டி மலையை நோக்கும் பலருக்கு அது கோயிலும் படிக்கட்டுகளும் கொண்ட ஒரு குன்று. நில அளவையாளருக்கோ அத்தகைய உயர்ந்த இடம் தியோடலைட்டை நாட்டுதற்குரிய ஒரு புள்ளி. இந்தியாவின் நில அளவை வரலாற்றில் மைசூர் நாட்டிற்குத் தனி இடம் உண்டு. 1799-இல் சீரங்கப்பட்டணப் போர் முடிந்ததும் மைசூரை அளக்கும் பணி காலின் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போரில் பங்கு கொண்ட வில்லியம் லாம்டன் 1800-இல் பெங்களூருக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். 1802 ஏப்ரலில் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே மற்றோர் அடிக்கோட்டை அளந்து, மகா முக்கோண அளவையைத் தொடங்கி வைத்தார்.

அவருடைய பெரிய தியோடலைட்டின் எடை ஏறக்குறைய அரை டன். அதை மலையுச்சிகளுக்குத் தூக்கிச் சென்றது அரும்பணியே. எனினும் கோணங்களை அளப்பது பாதி வேலைதான். அளந்த கோணங்களிலிருந்து தொலைவுகளைக் கணித்தெடுப்பது மற்றப் பாதி. அந்நாளில் அக்கணக்குகள் அனைத்தும் அட்டவணைகளின் துணையுடன் கையால் செய்யப்பட்டவை.

இக்கணக்குகளைச் சட்டைப் பைக்குள் அடக்கிய கருவிகளுள் சிறப்பானது, ஹெவ்லெட்-பாக்கார்டு நிறுவனம் 1979-இல் வெளியிட்ட எச்பி-41சி. கட்டளைத் தொடர்களை, அதாவது புரோகிராம்களை, நினைவில் வைத்துக்கொண்டு தானே கணக்கிடும் கருவி இது. எண்களோடு எழுத்துகளையும் திரையில் காட்டும். 1981-இல் கொலம்பியா விண்கலத்தின் முதற் பயணத்தில் இவ்வகைக் கருவிகள் எடுத்துச் செல்லப்பட்டன. 1990 அளவில் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் பழைய கருவிகள் பல இன்றும் வேலை செய்கின்றன. அவற்றைக் கையில் வைத்திருப்போருக்கு எழும் முதற் கேள்வி, எந்த மாட்யூலைச் செருகுவது என்பதாகும்.

வாயில் நான்கே

கருவியின் மேல் விளிம்பில் நான்கு வாயில்கள் உள்ளன. மாட்யூல் எனப்படும் சிறு செருகு பெட்டிகளை இவற்றில் பொருத்தலாம். காந்த அட்டை படிக்கும் கருவி, அச்சுக் கருவி ஆகியவையும் இவ்வாயில்களின் வழியாகவே இணைய வேண்டும். ஆகவே ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்றை விட நேரிடலாம். தேர்வின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மாட்யூல்கள் பெரும்பாலும் இரு வகையின. முதல் வகை நினைவைப் பெருக்குவது. எச்பி-41சி-யில் இயல்பாக உள்ளவை 63 ரிஜிஸ்டர்கள். ஒரு ரிஜிஸ்டரில் ஓர் எண்ணை வைக்கலாம்; அல்லது 7 பைட் அளவுள்ள கட்டளைகளை வைக்கலாம். சாதாரண நினைவு மாட்யூல் ஒவ்வொன்றும் 64 ரிஜிஸ்டர்களைக் கூட்டும். நான்கு மாட்யூல்களைச் செருகினால் மொத்தம் 319 கிடைக்கும். ஆனால் வாயில் ஒன்றும் மிஞ்சாது. பின்னர் வந்த நான்மடங்கு மாட்யூல் 256 ரிஜிஸ்டர்களையும் ஒரே வாயிலில் தந்து இக்குறையை நீக்கியது. 1980-இல் வெளிவந்த எச்பி-41சிவி-யில் 319 ரிஜிஸ்டர்களும் உள்ளேயே அமைந்துவிட்டன. அதற்கு இம்மாட்யூல் தேவையில்லை.

இரண்டாம் வகை, மாறாத நினைவில் பதித்த புரோகிராம்களைக் கொண்டது. கணித மாட்யூலில் அணிகள், சமன்பாடுகளின் தீர்வு, எண்வழித் தொகையீடு முதலியன உள்ளன. புள்ளியியல் மாட்யூலில் சராசரி, தொடர்புப் போக்கு, சோதனைகள் ஆகியவை உள்ளன. நில அளவை மாட்யூல் டிராவர்ஸ் கணக்கு, கோடுகள் வெட்டும் புள்ளி, சாலை வளைவு, மண் கொள்ளளவு ஆகியவற்றைச் செய்து தரும். இவ்வகை மாட்யூல் வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆனால் அதன் புரோகிராம் பயனரின் நினைவில் இடம் கேட்பதில்லை. கணக்கின் எண்களுக்கு மட்டும் சில ரிஜிஸ்டர்கள் வேண்டும்.

தேவையைக் கணக்கிடும் முறை

முதலில் வேலையை அளந்து பார்க்க வேண்டும். மாட்யூலின் விலையையோ பெயரையோ பார்ப்பது பிறகு. மலையடிவாரத்தில் 40 நிலையங்கள் கொண்ட ஓர் அளவையைச் செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு நிலையத்திற்கும் வடக்குத் தொலைவு, கிழக்குத் தொலைவு என இரண்டு எண்கள் தேவை. ஆக 80 ரிஜிஸ்டர்கள். மாட்யூல் இல்லாத எச்பி-41சி இதற்குப் போதாது. ஒரு சாதாரண நினைவு மாட்யூலைச் சேர்த்தால் 127 ஆகும். 80 போக மிஞ்சுவது 47, அதாவது 329 பைட். சிறிய புரோகிராம் ஒன்றை எழுத இது போதும். நான்மடங்கு மாட்யூலைச் செருகினால் மிஞ்சுவது 239 ரிஜிஸ்டர்கள், அதாவது 1,673 பைட்.

அடுத்து, எண்களைப் பாதுகாக்கும் வழியை ஆராய வேண்டும். காந்த அட்டையின் ஒரு பக்கத்தில் 16 ரிஜிஸ்டர்கள் பதியும். 80 ரிஜிஸ்டர்களுக்கு ஐந்து பக்கங்கள், அதாவது மூன்று அட்டைகள் வேண்டும். களத்தில் பேட்டரி ஓய்ந்து நினைவு அழிந்தால் ஒரு நாளைய உழைப்பு வீணாகும். ஆதலால் நான்காம் வாயிலை அட்டை படிக்கும் கருவிக்கு ஒதுக்குவது களப்பணியாளருக்கு நன்மை தரும். ஆனால் பழைய அட்டைக் கருவிகளில் ரப்பர் உருளை பிசினாய் இளகிப்போவது வழக்கம். அதைச் சோதிக்காமல் நம்புவதைக் காட்டிலும் குறிப்பேட்டில் எழுதி வைப்பதே மேல்.

இவ்வாறு பார்த்தால் எச்பி-41சி வைத்திருக்கும் களப்பணியாளருக்கு உகந்தவை நான்மடங்கு நினைவு, நில அளவை மாட்யூல், அட்டைக் கருவி ஆகிய மூன்று. நான்காவது வாயில் அச்சுக் கருவிக்கு உதவும். ஆசிரியரின் நிலை வேறு. மாணவர் தாமே புரோகிராம் எழுதிப் பழக வேண்டுமாதலால் அவருக்கு நினைவே முதன்மை. நில அளவை மாட்யூல் பின்னர் வரலாம். அதிலுள்ள கட்டளைகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும் என்பதால், மாணவர் எழுதியதை அதனுடன் ஒப்பிடவும் இயலும்.

செருகும்போது கவனிக்க வேண்டியவை

கருவியை நிறுத்திய பின்னரே மாட்யூலைச் செருகவோ எடுக்கவோ வேண்டும். நினைவு மாட்யூல்கள் தாழ்ந்த எண்ணுள்ள வாயில்களிலும், புரோகிராம் மாட்யூல்கள் உயர்ந்த எண்ணுள்ளவற்றிலும் இருத்தல் முறை. புரோகிராம் மாட்யூல் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 31 வரை ஓர் அடையாள எண் உண்டு. கணிதத்திற்கு 1, புள்ளியியலுக்கு 2, நில அளவைக்கு 3. ஒரே எண்ணுடைய இரண்டை ஒருங்கே செருகினால் ஒன்றின் கட்டளைக்கு மற்றொன்று விடையளிக்கக்கூடும். பழைய கருவியை வாங்குவோர் பேட்டரி அறையைத் திறந்து பார்ப்பதும் அவசியம். கசிந்த பேட்டரி மின் தொடுமுனைகளை அரித்திருக்கலாம்.

கருவி அறியாதது

எந்த மாட்யூலும் செய்ய இயலாத வேலை ஒன்று உண்டு. மொத்தம் 1,240 மீட்டர் நீளமுள்ள ஒரு மூடிய டிராவர்ஸில், வடக்குத் தொலைவுகளின் கூட்டுத்தொகை பூச்சியத்திற்குப் பதிலாக +0.18 மீட்டர், கிழக்குத் தொலைவுகளினது −0.24 மீட்டர் என வந்ததாகக் கொள்வோம். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் கண்டால் பிழை 0.30 மீட்டர், விகிதம் ஏறக்குறைய 4,133-க்கு 1. பௌடிச் விதிப்படி இப்பிழையைப் பக்கங்களின் நீளத்திற்கேற்பப் பங்கிட வேண்டும். 310 மீட்டர் பக்கம் மொத்தத்தில் கால் பங்கு. எனவே அதன் திருத்தம் வடக்கில் −0.045, கிழக்கில் +0.06 மீட்டர்.

அதே அளவையில் யாரோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்து, பிழை 3 மீட்டராக வந்தாலும் கருவி மறுப்புச் சொல்லாது. அப்பிழையையும் எல்லாப் பக்கங்களுக்கும் ஒழுங்காகப் பங்கிட்டு, அழகான விடையைத் தரும். விளைவு, ஓர் உழவரின் வரப்பு பக்கத்து வயலுக்குள் நகர்ந்துவிடும். கருவி சொன்னது என்று அதற்குச் சான்றும் கூறப்படும். ஆகவே திருத்தத்திற்கு முன் விகிதத்தைப் பார்த்து, அது 413-க்கு 1 என்று நின்றால் மீண்டும் களத்திற்குச் செல்வதே கடமை.

மைசூரில் 1963-இல் தோன்றிய வட்டாரக் கல்விக் கல்லூரி போன்ற ஆசிரியர் பயிற்சிக் கூடங்கள் கற்பிக்க வேண்டிய பாடமும் இதுவே. மேற்கண்ட கணக்கை மாணவர் ஒரு முறை காகிதத்தில் போட்ட பின்னர் கருவியில் போடட்டும். இரு விடைகளும் ஒத்தால் மாட்யூலை நம்பலாம். ஒவ்வாவிடில் எங்கே தவறியது என்று தேடும் முயற்சியிலேயே கல்வி தொடங்குகிறது.