லத்தியை எண்ணினால் யானை தெரியுமா?

யானைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது. 'மூன்று நாள் காட்டில் இருந்தால் சூழலியல் பிடிபடுமா?' என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 'யானையை விட்டுவிட்டு லத்தியை ஏன் எண்ணச் சொல்கிறார்கள்?' என்று கேட்டவர்கள்தான் அதிகம். இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால் முதலாவதும் பாதி விளங்கிவிடும்.

முதல் நாள் பிளாக் வாரியாக நடந்து யானைகளை எண்ணுவது, மூன்றாம் நாள் தண்ணீர் ஓரமாகக் காத்திருப்பது. இவற்றில் புதிர் இல்லை. இரண்டாம் நாள் நேர்கோட்டில் நடப்பீர்கள். லத்தி தென்பட்டால், கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்று டேப் பிடித்து அளக்க வேண்டும். தள்ளிப் போகப் போகக் கண்ணில் படுவது குறையும். எந்த அளவில் குறைகிறது என்பதை வைத்தே, உண்ணிப் புதருக்குள் நீங்கள் தவறவிட்டதையும் கணக்கில் சேர்த்துவிடலாம். கெட்டிக்கார வித்தை!

ஒரு யானை நாளுக்குச் சுமார் 16 முறை லத்தி போடும். இது முதுமலையில் கண்ட கணக்கு. ஒரு லத்தி மக்கி மறைய 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு யானையின் பேரில் எந்நேரமும் 1,600 லத்தி தரையில் கிடக்கும். சதுர கிலோமீட்டருக்கு 3,200 லத்தி இருந்தால் இரண்டு யானை.

வம்பு அந்த 100-இல் இருக்கிறது. புது லத்தியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். யானை தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. நார் நாராக, முழு விதைகளோடு இருக்கும். சாணவண்டு துளைக்கும், கரையான் மண் பூசி ஏறும், கோடை மழை கரைக்கும். வெயிலில் காய்ந்ததோ லேசில் கலையாது. 100 நாள் 80 ஆனால், அதே 3,200 லத்திக்கு இரண்டரை யானை. ஒரு குட்டியும் பிறக்காமல் கால் பங்கு கூடிவிட்டது! மக்கும் வேகத்தை அந்தக் காட்டில், அந்தப் பருவத்தில் அளந்தார்களா?

தமிழகத்தில் 2023-இல் 2,961 யானைகள், 2024-இல் 3,063. அதிகாரிகள் இதைப் 'பெருக்கம்' என்பார்கள். குட்டிகளாகவும் இருக்கலாம், மாயாற்றைத் தாண்டி பந்திப்பூர் பக்கமிருந்து வந்த கூட்டமாகவும் இருக்கலாம். 102-ஐக் கொண்டாடும் முன் கூட்டல் கழித்தல் வரம்பு என்ன என்று கேளுங்கள்.

மற்றவை:

ஒரே கூட்டத்தை இருவர் எண்ணிவிட்டால்? நேரமும் போன திசையும் குறித்திருந்தால் கழித்துவிடலாம்.

தந்தமில்லாவிட்டால் பெண்தானே? இல்லை, மக்னாவும் ஆண்தான்.

ட்ரோன் போதாதா? அடர்ந்த மரங்களுக்கு அடியில் நிற்பது அதற்குத் தெரியாது.

சென்ட் பூசிக்கொண்டு வரலாமா? வேண்டவே வேண்டாம்.

லத்தி பழசா புதுசா? கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலர், நீங்கள் குனிவதற்குள் சொல்லிவிடுவார்.