உஷார்! துளசிதானே என்று ஊற்றிக் கொடுக்காதீர்கள்

மழை தொடங்கியாயிற்று. வீட்டுக்கு ஒருவர் தும்முகிறார், இருமுகிறார். மாடத்தில் துளசி இருக்கும் வீட்டில் டாக்டர் ஞாபகம் வருவதற்கு முன்னால் கை அந்தச் செடிக்குத்தான் போகும். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் கிடப்பது, ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் ஆண்டாள் கிடைத்தது அதன் அடியில்தான், அதைப் போய் சந்தேகப்படுவதா என்று கேட்பீர்கள்.

துளசி மேல் சந்தேகமே இல்லை. தீர்த்தத்தோடு உள்ளே போகும் ரெண்டு இலையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த ரெண்டு இலையை ரெண்டு கைப்பிடியாக்கி, சுண்டக் காய்ச்சி, கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றுகிறோமே, அங்கேதான் வினை. மருந்தாகக் குடித்தால் துளசியும் மருந்துதான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கு அதற்கும் உண்டு.

ஒரு வயது ஆகாத குழந்தையா? தேன் கூடவே கூடாது!

குழந்தைக்குச் சளி பிடித்தால் பாட்டி என்ன செய்வார்? நாலு துளசியைக் கல்லில் வைத்து நசுக்கி, வெள்ளைத் துணியில் பிழிந்து, ரெண்டு சொட்டுத் தேன் விட்டுக் குழைத்து, பாலாடையில் எடுத்துப் புகட்டுவார். அதில் பயப்பட வேண்டியது துளசிச் சாற்றைவிட அந்த ரெண்டு சொட்டுத் தேனுக்குத்தான்.

தேனில் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல். அப்புறம் பால் குடிக்கும் வேகம் குறையும், அழுகைச் சத்தம் சன்னமாகும், இமை தொங்கும், கழுத்து துவளும். முற்றினால் மூச்சுவிடும் தசைகளே ஓய்ந்துவிடும். மலைத்தேன், கலப்படமில்லாத தேன் என்ற சமாதானமெல்லாம் இங்கே எடுபடாது. கலப்படத்துக்கும் இந்த வித்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுப்பில் சூடாக்கினாலும் வித்து சாகாது.

இன்னொரு வழக்கம்: தேங்காய் எண்ணெயில் துளசியையும் கற்பூரத்தையும் போட்டுக் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது. கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் இறங்கும், குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். ரெண்டு வயதுக்குள் கற்பூரமே வேண்டாம். பூஜை அறைக் கற்பூர டப்பாவையும், தீர்த்தத்துக்குப் போடும் பச்சைக் கற்பூரத்தையும் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மூக்கில் சாறு விடுவது, எண்ணெய் விடுவது ரெண்டும் நுரையீரலுக்குள் போய் வேறு வினையை இழுத்துவிடும்.

குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டதா? அப்போதுதான் ஜாக்கிரதை!

மூன்று நாள் அனலாய்க் கொதித்த உடம்பு நாலாம் நாள் குளிர்கிறது. “துளசிக் கஷாயம் கேட்டுவிட்டது” என்று வீடே நிம்மதியாகிறது. சாதாரணக் காய்ச்சலென்றால் சரி. டெங்குவாக இருந்தால் ஆபத்தான கட்டமே அங்குதான் ஆரம்பம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், ரத்தத் தட்டணுக்கள் சரியும். தாங்க முடியாத வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாய் மலம், ஜில்லிட்ட கைகால், தலை தூக்க முடியாத சோர்வு இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

டெங்குவில் ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் கூடாது என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வது ரத்தக்கசிவை நினைத்துத்தான். துளசியின் வாசனைக்குக் காரணமான யூஜினால் என்ற பொருளுக்கும் தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைத் தடுக்கும் குணம் இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தட்டணு ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் உடம்பில் கெட்டிக் கஷாயத்தையும் துளசிச் சொட்டையும் வைத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

தினமும் மாத்திரை போடுகிறவரா? மறைக்காதீர்கள்!

“வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?” என்று டாக்டர் கேட்பார். “இல்லீங்க டாக்டர்” என்பார் பெரியவர். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் துளசிச் சாறு இறங்கியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அது மருந்துக் கணக்கில் வரும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் என்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அதே வேலையைச் செய்யக்கூடிய இன்னொன்றை தினமும் அதன்மேல் ஏற்றினால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ நாள் குறித்திருந்தால், ரெண்டு வாரம் முன்பே துளசி மாத்திரை, சாறு, சொட்டு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை. 1996-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், டைப் 2 சர்க்கரை உள்ள 40 பேருக்குத் துளசி இலை கொடுத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. நல்ல சேதிதானே? இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவருக்கு அதுவே வம்பாகலாம். மாத்திரையும் இறக்கி, துளசியும் இறக்கினால் கைநடுக்கம், வியர்வை, தலைசுற்றல், மயக்கம். மாத்திரையை நிறுத்திவிட்டுத் துளசியை மட்டும் நம்புவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

கர்ப்பிணிகளும், குழந்தைக்கு முயற்சி செய்யும் தம்பதிகளும் அளவு மீற வேண்டாம். அதிக அளவு துளசி கொடுத்த எலி, முயல் ஆய்வுகளில் விந்தணு குறைந்தது. மனிதர்களில் இது நிரூபணமாகவில்லை. ஆனாலும் தீர்த்தம் போதும், மாத்திரையும் சொட்டும் வேண்டாம் என்பதே புத்திசாலித்தனம்.

கடையில் வாங்கும்போது கண்ணைத் திறங்கள்!

பூ மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் துளசி மாலைக்காக வளர்த்தது. பூச்சிமருந்து அடித்திருக்கலாம். சாமிக்குச் சாத்துங்கள், கஷாயத்தில் போடாதீர்கள். குடிப்பதற்கு வீட்டுத் தொட்டியில் வளர்த்ததைப் பறித்து, ஓடும் தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

சின்ன பாட்டிலில் வரும் துளசிச் சொட்டு இலையைப் போன்றதல்ல, செறிவூட்டியது. யூஜினால் நிறைந்த கிராம்பு எண்ணெயைக் குழந்தைகள் தெரியாமல் குடித்துக் கல்லீரல் பழுதான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே பாட்டிலைப் பூட்டி வையுங்கள். ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்றால் தயாரிப்பு உரிம எண்ணும், உணவுப் பொருளாக விற்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரையை ஒழிக்கும், புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரம் வந்தால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்.

துளசி விதை என்று பலர் வாங்கும் சப்ஜா, திருநீற்றுப்பச்சிலையின் விதை. தண்ணீர் பட்டதும் பலமடங்கு ஊதும். அப்படியே வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். ஊறவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

அளவு என்ன?

கொரோனா வந்த 2020-ல் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன கஷாயப் பொடியில் துளசி 4 பங்கு, பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. அதில் 3 கிராமை 150 மில்லி கொதித்த நீரில் கலந்து, நாளுக்கு ஒன்று அல்லது ரெண்டு முறை, அவ்வளவுதான். நம் ஆட்கள் அதைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடித்து வயிறு எரிந்து நின்றார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சளிக் காலத்தில் நாலைந்து இலை போட்ட ஒரு டம்ளர் வெந்நீர் தாராளம். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனைதான் வழி.

துவாதசியில் பறிக்காதே, பொழுது சாய்ந்தபின் பறிக்காதே, வேண்டியதற்கு மேல் கிள்ளாதே என்று துளசியைத் தொடுவதற்கே வரம்பு வைத்தவர்கள் நம் பெரியவர்கள். குடிப்பதற்கு மட்டும் வரம்பில்லாமல் போகலாமா?

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யார் யார் துளசியை எந்த வடிவத்தில், எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் காட்டுங்கள்.