நடுக்குரல் வயோலா

நால்வர் அமர்ந்து இசைக்கும் மேனாட்டுச் சிற்றவை இசையில் வயலின்கள் இரண்டு, செல்லோ ஒன்று, நடுவே வயோலா. வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் தாழ்ந்தது. பாலமுரளி கிருஷ்ணா வாசித்த கருவியாதலால் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. கோவைப் பங்குகளின் பாடற்குழுவில் ஆல்ட்டோ பாடுவோரைப் போல, அது ஒலிக்கையில் எவரும் கவனியார். நின்றாலோ இசை வெறுமையாகும்.

பழைய நால்வரிசைகளில் பெரும்பாலும் தாழ்குரலுக்குத் துணைபோவதே அதன் வேலை. ஆயினும் 1784இல் வியன்னா இல்லமொன்றில் ஹைடன் முதல் வயலின் வாசிக்க, மொசார்ட் (வயலினிலும் கைதேர்ந்தவர்தாம்!) ஏந்தியது வயோலாவையே. 1787இல் அவர் இரண்டாம் வயோலாவையும் சேர்த்து ஐவரிசைகள் இரண்டு படைத்தார். 1970இல் ஷொஸ்தகோவிச் தம் பதின்மூன்றாம் நால்வரிசையை வயோலாக் கலைஞர் பரிசோவ்ஸ்கிக்குக் காணிக்கையாக்கினார். அதில் தனித்துத் தொடங்குவது வயோலா. முடிவில் மிக உயரே ஏறிச் செல்வதும் அதுவே.