பழுதை மூடிய முலாம்

1995 ஜூன் 8. அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருந்து மியாமிக்குக் கிளம்பிய வேல்யூஜெட் நிறுவனத்தின் டிசி-9 விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, வலப்பக்க இன்ஜின் வெடித்தது. சிதறிய துண்டுகள் எரிபொருள் குழாயை அறுத்து, விமானத்தின் உடலைத் துளைத்தன. கேபினுக்குள் தீ மளமளவெனப் பரவியது. விமானி ஓட்டத்தை நிறுத்திவிட்டதால் அனைவரும் உயிர்தப்பினர். பணிப்பெண் ஒருவர் படுகாயமடைந்தார்.

உடைந்தது, கம்ப்ரஸரின் ஏழாவது அடுக்கில் இருந்த டிஸ்க். பிளேடுகளைத் தாங்கிக்கொண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் உலோக வட்டு அது. ஒரு பிளேடு ஒடிந்தால் இன்ஜினின் உறை தடுத்துவிடும். டிஸ்க் உடைந்தால் எந்த உறையும் தாங்காது.

அந்த டிஸ்க் 1991-ல் துருக்கி ஏர்லைன்ஸ் பணிமனையில் ஓவர்ஹால் செய்யப்பட்டது. அதன் துளை ஒன்றில் இருந்த அரிப்புக் குழிகளை நீக்காமல், மேலேயே முலாம் பூசியிருந்தார்கள். கண்டுபிடித்திருக்கக்கூடிய விரிசல் அப்போதே தவறவிடப்பட்டது. படிப்படியாக என்ன வேலை நடந்தது என்பதைக் காட்டும் பதிவுத்தாள்களும் இல்லை. முறையான சோதனை நடக்காததே விபத்துக்குக் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது.

அடுத்த ஆண்டு ஜூலையில், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் டெல்டா விமானம் ஒன்றின் இன்ஜின் இதேபோல் சிதறி இரு பயணிகள் இறந்தனர். அங்கே குறை உற்பத்தியின்போதே நேர்ந்தது: துளையிட்டபோது உலோகம் சேதமடைந்து, அங்கிருந்து விரிசல் வளர்ந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டியது ஒளிரும் சாயச் சோதனை. பாகத்தைச் சுத்தம் செய்து சாயத்தில் நனைப்பார்கள். சாயம் விரிசலுக்குள் இறங்கும். மேலே படிந்ததைக் கழுவிவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால் விரிசல் பச்சைக் கோடாகத் தெரியும். துளைக்குள் அழுக்கோ ஈரமோ இருந்தால், பார்ப்பவர் களைத்திருந்தால், அந்தக் கோடு தப்பிவிடும். டெல்டாவின் சோதனையிலும் விரிசல் தப்பியது.

ஆபத்து காகிதத்திலும் இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் நிறுவனம், உலகெங்கும் பறக்கும் சிஎஃப்எம்56 இன்ஜின்களுக்குப் போலிச் சான்றிதழ்களுடன் பாகங்களை விற்றது 2023-ல் அம்பலமானது. பல நாட்டு விமான நிறுவனங்கள் இன்ஜின்களைப் பிரித்து அந்தப் பாகங்களை நீக்க வேண்டியதாயிற்று.

வெளியே கண்டுகொள்ள முடிகிற பழுதைவிட, பூசி மறைக்கப்பட்ட பழுதே கொடியது. செய்த வேலையை எழுதிவைக்காத பணிமனைக்கு விமான இன்ஜினைத் தொடும் உரிமையே கூடாது. ஆவணம் இல்லாத பாகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது விமானத்தில் ஏறக்கூடாது. இதில் கண்காணிப்பு அமைப்புகள் காட்டும் தாட்சண்யத்துக்கு விலையாவது பயணிகளின் உயிர்தான்.