பாதிரியார் அடித்துவிட்ட வாக்கியம்

1948 ஜனவரியில் பி.பி.சி. வானொலியில் இரண்டு ஆங்கிலேயர்கள் கடவுள் இருக்கிறாரா என்று வாதிட்டார்கள். ஒருவர் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். மற்றவர் இயேசு சபைக் குருவான ஃபிரெடரிக் காப்பிள்ஸ்டன். உலகில் உள்ள ஒவ்வொன்றும் தன் இருப்புக்கு வேறொன்றைச் சார்ந்திருக்கிறது. அப்படியானால் எல்லாம் சேர்ந்த முழுமைக்கும் ஒரு காரணம் வேண்டாமா என்று கேட்டார் காப்பிள்ஸ்டன். ரஸ்ஸல் இணங்கவில்லை. பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்றார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே வானொலியில் ஃபிரெட் ஹாயில் என்ற வானியலாளர் பேசினார். பிரபஞ்சம் ஒரு நாள் திடீரென்று தொடங்கியது என்ற கருத்து அவருக்குப் பிடிக்காது. அது என்றும் இருந்தது, விரிய விரியப் புதுப்பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியின் கொள்கையைக் குறிக்க அன்று அவர் சொன்ன பெயர்தான் ‘பிக் பேங்’, பெருவெடிப்பு. மறுத்தவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

நான் கடவுளை நம்புகிறவன். என்னைப் போன்றவர்களில் பலர் இந்தப் பெருவெடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, தொடக்கம் இருக்கிறது, ஆகவே தொடங்கி வைத்தவனும் இருக்கிறான்’ என்று மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு ஜார்ஜ் லெமேத்ர் நினைவுக்கு வருவார். அந்தத் தொடக்கத்தை முதலில் எழுதிக் காட்டியவர் அவர். அவரே ஒரு கத்தோலிக்கக் குரு. அப்படி முழங்கும் உரிமை யாருக்காவது இருந்தால் அவருக்குத்தான் இருந்தது. அவர் ஒரு நாளும் முழங்கவில்லை.

லெமேத்ர் 1894-இல் பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரில் பிறந்தார். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப்போர் வந்தது. பீரங்கிப் படையில் பணிபுரிந்து வீரப் பதக்கம் பெற்றுத் திரும்பினார். பிறகு கணிதத்தில் முனைவர் பட்டம், அதன்பின் குருமடம். 1923-இல் குருப்பட்டம் பெற்ற கையோடு கேம்பிரிட்ஜுக்குப் போய் வானியலாளர் எடிங்டனிடம் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையைக் கற்றார். உண்மையை அடைய இரண்டு வழிகள் உண்டு, இரண்டிலும் நடப்பதென்று முடிவு செய்தேன் என்ற பொருள்படப் பின்னாளில் ஒரு செய்தியாளரிடம் சொன்னார். இரண்டையும் அவர் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1927-இல், வானியலாளர் ஹப்பிள் தம் அளவீடுகளை வெளியிடுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனவோ அவ்வளவு வேகமாக நம்மை விட்டு விலகுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார். விண்வெளியே விரிந்துகொண்டிருக்கிறது. அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரி, ஆனால் உங்கள் இயற்பியல் சகிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். லெமேத்ர் தளரவில்லை. விரிவதைப் பின்னோக்கி நடத்திப் பார்த்தால் எல்லாம் ஓரிடத்தில் ஒடுங்குகிறதே என்று மேலும் யோசித்தார். உலகத்துக்கு ஒரு தொடக்கம் என்பதை எண்ணவே தமக்கு ஒவ்வவில்லை என்று ஆசிரியர் எடிங்டன் எழுதியபோது, மாணவர் 1931 மே மாதம் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். எல்லாப் பொருளும் ஆற்றலும் முதலில் ஒரே அணுவாக இருந்திருக்கலாம். அது பிளந்த பிறகுதான் காலத்துக்கும் இடத்துக்கும் அர்த்தமே வந்தது என்றது அந்தக் கடிதம்.

தட்டச்சு செய்த மூலப்படியில் அந்தக் கடிதத்துக்கு இன்னொரு முடிவு இருந்தது. எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பரம்பொருளை நம்புகிறவர்கள், அப்பரம்பொருள் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள். இன்றைய இயற்பியல் படைப்பின்மேல் ஒரு திரையை இட்டிருப்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும் என்ற பொருளில் ஒரு வாக்கியம். அச்சுக்கு அனுப்பும் முன் லெமேத்ர் அதை அடித்துவிட்டார்.

பக்தியில் குறைந்து அவர் அதை அடிக்கவில்லை. ஆய்வுக் கடிதத்தில் கணக்கு பேசட்டும், வழிபாடு ஆலயத்தில் இருக்கட்டும் என்ற தெளிவு அது. அடித்த வாக்கியத்தையும் பாருங்கள்: அதில்கூட அவர் கடவுளை நிரூபிக்கவில்லை. கடவுள் மறைந்திருக்கிறார் என்றுதான் சொல்கிறார். தொடக்கத்தை நோக்கி எவ்வளவு தூரம் போனாலும் அறிவியலுக்குக் கிடைப்பது திரைதான், முகம் இல்லை.

அந்தத் திரையையே மனிதன் கண்டுவிட்டான் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. உருவகமாகச் சொல்லவில்லை, மெய்யாகவே கண்டான். தொடக்கத்தில் பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரான்கள் தனித்துத் திரிந்ததால் ஒளியால் நேராகப் போக முடியவில்லை. ஒன்றில் முட்டி இன்னொன்றில் முட்டித் தடுமாறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் கழிந்து, வெப்பம் 3,000 கெல்வின் அளவுக்குத் தணிந்ததும், எலக்ட்ரான்கள் உட்கருக்களோடு சேர்ந்து முதல் அணுக்கள் ஆயின. வெளி தெளிந்தது. விடுபட்ட ஒளி புறப்பட்டது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. வெளி விரிந்ததால் அதன் அலைநீளமும் 1,100 மடங்கு இழுபட்டு, இன்று நுண்ணலையாக, 2.725 கெல்வின் குளிராக, எல்லாத் திசைகளிலிருந்தும் நம்மேல் விழுகிறது. விண்வெளியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நானூறுக்கு மேற்பட்ட ஆதி ஒளித்துகள்கள் எந்நேரமும் இருக்கின்றன. குவித்த உள்ளங்கை அளவு இடத்துக்குள் ஆயிரக்கணக்கில்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் தேடியது இதை இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஹோம்டெல் என்ற ஊரில் பெல் ஆய்வகத்தின் பெரிய கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்று இருந்தது. 1964-இல் அதில் வேலை செய்த ஆர்னோ பென்சியஸும் ராபர்ட் வில்சனும் எப்பக்கம் திருப்பினாலும் நிற்காத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். பகலிலும் அது இருந்தது, இரவிலும் இருந்தது. பருவம் மாறியும் போகவில்லை. ஆன்டெனாவுக்குள் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைக் கழுவித் துடைத்தார்கள். இரைச்சல் குறையவில்லை. அருகில் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு அதே ஆதி ஒளியைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது. இருதரப்பும் பேசியபோதுதான் இன்னதென்று விளங்கியது. 1978-இல் பென்சியஸுக்கும் வில்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இப்படி ஓர் ஆதி ஒளி எஞ்சியிருக்கும் என்று 1948-இலேயே கணித்திருந்த ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தார்கள். அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

அந்த ஒளி எல்லாத் திசையிலும் ஒரே சீராக வருகிறது. ஆனால் முற்றிலும் ஒரே சீராக இல்லை. லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு அங்கங்கே சிறு ஏற்றத்தாழ்வு. 1992-இல் கோபி செயற்கைக்கோளின் அளவீடுகள் அதை வெளிப்படுத்தின. அந்த இம்மியளவு வேறுபாடு இல்லாமல் போயிருந்தால் பொருள் எங்கும் திரண்டிருக்காது. திரண்ட இடங்களில்தான் விண்மீன் மண்டலங்கள், சூரியன்கள், மண், மரம், நீங்கள், நான். இதைப் படிக்கும்போது எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதை நான் மறைப்பதில்லை. அது ஒரு நிரூபணம் என்று சொல்லவும் மாட்டேன்.

இனி, தொடக்கத்தை ஏற்காத ஹாயிலிடம் வருவோம். இந்தக் கதையில் படைப்பின் நுட்பத்தை மிக அருகே தொட்டுப் பார்த்தவர் அவர்தான். முதல் சில நிமிடங்களில் பிரபஞ்சத்தில் உண்டானவை ஹைட்ரஜன், ஹீலியம், சொற்ப லித்தியம், அவ்வளவே. உயிருக்கு முதுகெலும்பான கார்பன் விண்மீன்களின் வயிற்றில்தான் சமைய வேண்டும். மூன்று ஹீலியம் உட்கருக்கள் சேர்ந்தால் ஒரு கார்பன். ஆனால் முதலில் இரண்டு சேர்ந்து உண்டாகும் பெரிலியம் உடனே பிரிந்துவிடும்; அது நிற்கும் நேரம் ஒரு நொடியை ஆயிரம் கோடியாகப் பங்கிட்டு, அந்தப் பங்கை மறுபடி பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைக்கும் அளவு. அதற்குள் மூன்றாவது வந்து ஒட்ட வேண்டும். சாதாரணமாக நடந்தால் போதிய கார்பன் தேறாது.

ஹாயில் தலைகீழாக யோசித்தார். உலகில் கார்பன் இருக்கிறது, நான் இருக்கிறேன். ஆகவே கார்பன் உட்கருவுக்கு, இந்தச் சேர்க்கைக்கு இடம் கொடுக்கும் ஓர் ஆற்றல் நிலை சரியான இடத்தில் இருந்தே தீர வேண்டும். 1953-இல் கலிஃபோர்னியாவுக்குப் போய் வில்லியம் ஃபவுலரின் ஆய்வகத்தில் அதைத் தேடச் சொன்னார். ஃபவுலர் முதலில் நம்பவில்லை. சோதித்தார்கள், இருந்தது. ஏறத்தாழ 76 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில், சொன்ன இடத்திலேயே. அடுத்த படியான ஆக்ஸிஜனிலும் ஒரு நிலை உண்டு. அது இன்னும் கொஞ்சம் மேலே இருந்திருந்தால் உண்டான கார்பனெல்லாம் ஆக்ஸிஜனாகிப் போயிருக்கும். அது மயிரிழை கீழே நிற்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் 12 கிலோ போலக் கார்பன் இருக்கிறது. அதன் ஒவ்வோர் அணுவும் ஏதோ ஒரு விண்மீனுக்குள் அந்த ஒடுங்கிய வாசல் வழியாக வந்தது.

நாத்திகரான ஹாயிலை இது உலுக்கியது. இயற்பியலில் ஏதோ ஒரு பேரறிவு கை வைத்திருப்பது போலத் தோன்றுகிறது என்று பின்னாளில் எழுதினார். அதற்காக அவர் எந்த மதத்துக்கும் போய்விடவில்லை; பெருவெடிப்பையும் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் சொன்ன அளவுக்கு இறுக்கம் தேவையில்லை, சற்றுத் தளர்ந்தாலும் கார்பன் உண்டாகியிருக்கும் என்று பிறர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருக்கலாம், நமக்கு வாய்த்தது இது என்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. இங்கேயும் கணக்கை முடித்துக் கடவுள் என்று விடை எழுத எனக்கு மனம் வரவில்லை. வியப்பு மட்டும் குறையவில்லை.

வியப்பு ஆத்திகர்களின் தனிச்சொத்தும் இல்லை. அணுக்களின் இந்தச் சமையலை ஆராய்ந்ததற்காக ஃபவுலருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அதைப் பகிர்ந்துகொண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் இயற்கையின் கணிதத்தில் உள்ள அழகைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் பூசையறையில் நிற்பவரின் பணிவு தெரியும்.

நம் மரபு இந்த வாதத்துக்குப் புதிதில்லை. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கிறாள். வைதிகமும் சைவமும் ஆசீவகமும் பேசும் அதே வரிசையில், கடவுளும் மறுபிறப்பும் வேண்டாத பூதவாதிக்கும் சாத்தனார் இடம் கொடுத்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு முதல்வன் உண்டு என்று வாதிட்டார். அவர் சொன்ன தோற்றம் சூனியத்திலிருந்து வந்ததில்லை. சித்தாந்தத்தில் மாயை அநாதி, உயிர்களும் அநாதி. ஒடுங்கியது மீண்டும் உளதாகிறது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் தாமஸ் அக்வினாஸ், உலகத்துக்கு ஒரு முதல் நாள் இருந்தது என்பதை அறிவு கொண்டு நிறுவ முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது என்றார். தொடக்கமே இல்லாத உலகமாக இருந்தாலும் அது இறைவனைச் சார்ந்துதான் நிற்கும் என்பது அவர் கருத்து. ஒருவரை ஒருவர் அறியாத இவ்விருவரும் பல இடங்களில் வேறுபடுவார்கள். முதல் நொடி எப்போது என்ற கணக்கின்மேல் மட்டும் இருவரும் கடவுளை நிறுத்தவில்லை.

இது லெமேத்ருக்குத் தெரிந்திருந்தது. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கான் அறிவியல் கழகத்தில் பேசும்போது, ஒளி உண்டாகட்டும் என்ற முதல் கட்டளைக்கு இன்றைய அறிவியல் சாட்சி சொல்கிறது என்ற பொருள்பட உரையாற்றினார். உலகெங்கும் செய்தி பரவியது. தன் கொள்கைக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் ஒரு குருவுக்கு வாய்க்குமா? லெமேத்ர் மகிழவில்லை, கலங்கினார். கொள்கை நாளை திருத்தப்படலாம், அதன்மேல் விசுவாசத்தை ஏற்றிவைத்தால் இரண்டுக்கும் கேடு என்பது அவர் கவலை. வத்திக்கான் வட்டாரத்தில் அதைத் தெரியப்படுத்தினார். அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடையே திருத்தந்தை பேசியபோது அந்தப் பேச்சு திரும்ப எழவில்லை. 1958-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் லெமேத்ர் வெளிப்படையாகவே சொன்னார்: இந்தக் கொள்கை சமயக் கேள்விக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, பரம்பொருளை மறுக்க நாத்திகருக்கு இதில் முழு உரிமை உண்டு, நம்புகிறவர் இதைக் காட்டிக் கடவுளோடு உரிமை கொண்டாடவும் வழியில்லை.

1966 ஜூனில், நோயுற்றிருந்த அவரிடம், ஆதி ஒளி கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை உதவியாளர் கொண்டு சேர்த்தார். அதே மாதம் 20-ஆம் தேதி லெமேத்ர் காலமானார். தான் ஓர் இளங்குருவாகத் தாளில் எழுதிய தொடக்கம் வானில் பதிந்திருந்ததை அறிந்துகொண்டு போகும் பேறு அவருக்குக் கிடைத்தது.

அவர் 1960 முதல் இறக்கும்வரை தலைமை வகித்த அதே வத்திக்கான் கழகம் 1981-இல் அண்டவியல் கருத்தரங்கு ஒன்றை நடத்தியது. அங்கே ஸ்டீஃபன் ஹாக்கிங், பிரபஞ்சத்துக்கு எல்லையோ விளிம்போ இல்லாதிருக்கலாம், அப்படியானால் முதல் கணம் என்ற ஒன்றே இல்லை என்ற தம் கருத்தை முன்வைத்தார். கடவுளை நம்பாத அவரைக் கழகம் 1986-இல் உறுப்பினராக்கிக்கொண்டது. 2018-இல் இறக்கும்வரை அவர் உறுப்பினராகவே இருந்தார். ஹாக்கிங் சொன்னது சரியாகவும் இருக்கலாம். முதல் நொடியின் மிகத் தொடக்கத் துணுக்கில் நம் சமன்பாடுகள் இன்றும் செயலற்று நிற்கின்றன. 1,380 கோடி ஆண்டுகளைப் பின்னோக்கிக் கடந்து அங்கேதான் முட்டி நிற்கிறோம். நாளை யாராவது அந்த இடத்தையும் கடந்து, தொடக்கமே இல்லை என்று கணக்கெழுதிக் காட்டினாலும், மறுநாள் காலையில் நான் விளக்கேற்றிக் கும்பிடுவேன். அந்தக் கணக்கையும் ஆசையோடு படிப்பேன்.