கணக்கில் ஏறாத கையெழுத்து

கடந்த வாரம் வாராக்கடனைப் பார்த்தோம். அங்கே வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறது. கொடுக்காமலே மாட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது: ஜாமீன் கையெழுத்து.

சாலை போடும் கான்ட்ராக்டருக்கு பேங்க் கேரண்டி, இறக்குமதியாளருக்கு எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்று வங்கிகள் இதைத் தொழிலாகவே செய்கின்றன. "இவர் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன்" என்று எழுதித் தருவதற்குக் கமிஷன் வாங்குகின்றன. கைப்பணம் போகாமல் வருமானம் வருவதால் எந்த மேனேஜருக்கும் இதில் ஆசை உண்டு. இந்தப் பொறுப்புகள் இருப்புநிலைக் குறிப்பின் கூட்டுத்தொகையில் சேர்வதில்லை. 12-ம் அட்டவணையில் ஓரமாக நிற்கும்.

ஓரமாக நின்றாலும் ஆபத்து ஆபத்துதான். வங்கி மூலதனத்துக்கான சர்வதேச பாசல் விதிகளுக்கு இது தெரியும். கடனுக்கு நிற்கும் உத்தரவாதத்தை 100 சதவீதமும், வேலையை முடித்துத் தருவதற்கான உத்தரவாதத்தை 50 சதவீதமும், சரக்கின் பேரில் தரும் குறுகிய கால எல்.சி.யை 20 சதவீதமும் கடனாகவே பாவித்து, அதற்கேற்ற மூலதனம் வைக்கச் சொல்கின்றன. ஆனால், பதிவான பொறுப்புக்குத்தானே மூலதனம்?

மும்பை பிராடி ஹவுஸில் இருந்த பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளை இதற்குச் சாட்சி. வைர வியாபாரிகள் நீரவ் மோடி, மெகுல் சோக்சி ஆகியோரின் நிறுவனங்களுக்காக அங்கிருந்து உத்தரவாதக் கடிதங்கள், வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகப் போயின. அவற்றை நம்பி இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள் டாலரில் கடன் கொடுத்தன. ஸ்விஃப்ட்டும் வங்கியின் கோர் பேங்கிங் மென்பொருளும் இணைக்கப்படாததால், அனுப்பிய செய்தி கணக்கில் ஏறவில்லை. பிணையாக முன்கூட்டியே வாங்க வேண்டிய மார்ஜின் பணமும் வாங்கவில்லை. பழைய கடனை அடைக்கப் புதுக் கடிதம் என்று வண்டி ஓடியது. 12-ம் அட்டவணையில்கூட இடம்பெறாத பொறுப்பு அது.

2018 ஜனவரியில் அந்த நிறுவனங்களின் தரப்பு புதுக் கடிதம் கேட்டு வந்தபோது, கிளையில் முழுத் தொகைக்கும் மார்ஜின் கேட்டார்கள். இதற்கு முன் அப்படிக் கேட்டதில்லையே என்றது வந்த தரப்பு. முடிச்சு அங்கே அவிழ்ந்தது. பிப்ரவரி 14 அன்று பங்குச் சந்தைக்குச் சொன்ன தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பிறகு அது 14,000 கோடியைத் தாண்டியது. கையெழுத்து தன் ஊழியருடையது என்பதால், பஞ்சாப் நேஷனல் வங்கி மற்ற வங்கிகளுக்குப் பணம் கொடுத்துத் தீர வேண்டியதாயிற்று. அந்த மார்ச் காலாண்டில் நஷ்டம் 13,417 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு இதே காலாண்டில் 262 கோடி லாபம். நஷ்டம் முழுவதையும் இந்த மோசடியின் தலையில் கட்டக் கூடாது. இதற்காக அந்தக் காலாண்டில் ஒதுக்கியது 7,178 கோடி, மிச்சத்தில் பெரும்பகுதி பழைய வாராக்கடன்களின் பாவம்.

2018 மார்ச் 13 அன்று ரிசர்வ் வங்கி இத்தகைய கடிதங்களையே தடை செய்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய வேலை என்பேன். நாணயமாகத் தொழில் செய்த சிறு இறக்குமதியாளர்களும் குறைந்த வட்டி டாலர் கடனுக்கான வழியை இழந்தார்கள். ஸ்விஃப்ட் விஷயத்தில் 2016 ஆகஸ்டிலிருந்து மூன்று முறையாவது வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கியே சொன்னது. அந்த எச்சரிக்கையை அன்றே அமல்படுத்த வைத்திருக்க வேண்டும்.

வங்கிப் பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையில் லாபத்தோடு நிறுத்தாமல் 12-ம் அட்டவணையையும் புரட்டுங்கள். உத்தரவாதத் தொகையை வங்கியின் மூலதனத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே பல வங்கிகளில் இருப்பதிலேயே பெரிய எண்ணாகத் தெரிவது அந்நியச் செலாவணி முன்பேர ஒப்பந்தம். அதைக் கண்டு மிரள வேண்டாம். அதன் கணக்கே வேறு, அடுத்த வாரம் பார்ப்போம்.